அடேபாயோ குடுத்த முகமூடி

அட, கேளுங்க, நாங்க அதை கராஜ் மேல திருஷ்டி பொம்மையா மாட்டிட்டோம்! ரெண்டாயிரம் பொறக்கறப்ப கம்ப்யூட்டருங்க குழம்பாம சரிபண்ற எங்க ஒய்டூகே டீம்ல பக்கத்து சீட் நைஜீரியாக்காரன் அடேபாயோ, அமெரிக்காவுல இந்த ரவுண்ட் ராக் ஊர்ல நாங்க வீடு வாங்கினதுக்கு கிஃப்டா குடுத்த மர முகமூடி. என் பொண்டாட்டி வான்மதிக்கு ஏழாம் மாசம். "புள்ளத்தாச்சி தெனம் இந்த மூஞ்சியில முழிக்கணுமா? வெளிய மாட்டுப்பா"ன்னா. எலுமிச்சை, மிளகாயோட மாட்டினேன்.

சனிக்கிழமை அவன் சாப்பிட வந்தான். மேல பாத்துட்டு, எலுமிச்சை, மிளகாயெல்லாம் எதுக்குன்னு கேட்டான். கண்ணு படாம, பேய் பிசாசு அண்டாம இருக்கன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. எனக்கு மானமே போச்சு.

"பேய விரட்டவா? டேய், எங்க ஊர்ல அம்மாக்களுக்கு மரியாதை பண்ண ஆம்பளைங்க இதைத் தலையில வச்சு ஆடுவோம். அவங்க மனசு குளிர்ந்தாத்தான் ஊரு நல்லாருக்கும். வான்மதிக்காகத்தான் குடுத்தேன்"னான்.

வான்மதி முகம் வாடிப்போச்சு. உடனே அவனே அதைக் கழட்டித் தலையில வச்சு, அவ துப்பட்டாவை முகத்துல தொங்கவிட்டு, கராஜ் வாசல் டிரைவ்வேயிலயே ஆடினான் பாருங்க! அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. குழந்தை உதைக்குதாம்.

இப்ப பெட்ரூம்ல மாட்டச் சொல்றா. எனக்கென்னவோ, ஆடுறதுக்குன்னு செஞ்சதை சுவத்துல மாட்டறது பாவமா இருக்கு. வளைகாப்புக்கு நானே தலையில வச்சு ஆடிடலாம்னு பாக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க, ஆடட்டுமா?