தூசியின் முப்பத்தெட்டு பஸ்கள்

மருந்துக்கடைக்காரருக்கு இணையக் குழு ஒன்றில் சல்லடை என்று பெயர். உள்ளங்கை அளவு இரும்புப் பொம்மை பஸ்களைச் சேர்ப்பவர்களின் குழு அது. இரண்டாயிரம் பேர், ஆளுக்கொரு பட்டப்பெயர். யார் எதை வாங்கப் போனாலும் மற்றவர்கள் முதலில் கேட்பது "சல்லடை பார்த்தாச்சா?" என்பதுதான். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியைத் தேடித் தேடிப் பழகிய கண், விற்பவர்களையும் அப்படியே துருவியது. கணக்கு தொடங்கி எத்தனை நாள், வாங்கியவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள், எல்லாரும் ஒரே நாளில் வந்து ஒரே மாதிரி புகழ்ந்திருக்கிறார்களா, படம் சொந்தமா சுட்டதா, ஒன்றையும் விடமாட்டார்.

"நல்ல வேளை, நம்ம கல்யாணத்தப்ப இதெல்லாம் இல்ல. எங்கப்பாவுக்கு எத்தனை ஸ்டார்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக்குள்ளயே வந்திருப்பீங்க" என்பாள் அவர் மனைவி.

அந்த இரண்டாயிரம் பேரில் அவருக்கு நெருக்கம் தூசி ஒருவர்தான். ஒன்பது வருடப் பழக்கம். முகம் பார்த்ததில்லை, போன் நம்பர்கூடத் தெரியாது. ஆனால் தூசியின் அலமாரியில் இரண்டாம் தட்டில் நிற்கும் சிவப்பு பஸ்ஸின் இடது விளக்கில் பெயிண்ட் உரிந்திருப்பது தெரியும். போன வருடம் தூசி ஆசையாக ஒரு பச்சை மாடி பஸ்ஸின் படத்தைப் போட்டபோது, இது பின்னால் யாரோ பெயிண்ட் அடித்தது என்று இவர் நாலு பேர் நடுவில் சொல்லிவிட்டார். சொன்னது உண்மை. ஆனால் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அதன்பின் பேச்சு குறைந்தது. இந்த ஏழு மாதமாகச் சத்தமே இல்லை. கோபித்துக்கொண்டார் என்றே இவர் நினைத்தார். நாமாகப் பேசினால் குறைந்தா போய்விடுவோம் என்று தினமும் தோன்றும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தினமும் தள்ளிப்போடுவார். வீம்பு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது.

அப்போதுதான் ஒரு விற்பனைத் தளத்தில் அந்த விளம்பரம் வந்தது. முப்பத்தெட்டு பஸ்கள், அட்டை டப்பாக்களோடு, மொத்தமாக. விலை பாதிகூட இல்லை, கால்வாசி. கணக்குக்கு வயது நாலு நாள். வாங்கியவர்கள் கருத்து ஒன்றுமில்லை. எந்த வருடத்து மாடல் என்று ஒருவர் கேட்டதற்கு, தெரியாது, வந்து பாருங்கள் என்று பதில். சல்லடை படத்தைப் பெரிதாக்கினார். இரண்டாம் தட்டில் சிவப்பு பஸ். இடது விளக்கில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஆறு வருடம் முன்பு தூசி குழுவில் போட்ட அதே படம்.

அவருக்கு ரத்தம் கொதித்தது. தன்னையே ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. தூசிக்கு உடனே எழுதத்தான் போனார். பிறகு, வேலையை முடித்துவிட்டே சொல்லலாம், உன் படத்தைத் திருடினவனை ஒரு கை பார்த்துவிட்டேன் என்றால் விட்டுப்போன பேச்சு தானாக ஒட்டிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டார். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'திருட்டுப் படம், மோசடி, எல்லாரும் புகார் செய்யுங்கள்' என்று குழுவில் போட்டார்.

ஒருவர் மட்டும் கேட்டார்: "மோசடிக்காரன் வீட்டுக்கு வந்து பாருன்னு கூப்பிடுவானா, சல்லடை?"

"அது புது வித்தை. கிளம்புற நேரத்துல முன்பணம் அனுப்புன்னுவான்" என்று பதில் போட்டார். அந்தக் கேள்விமேல் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

இருநூறு பேர் புகார் செய்தார்கள். விளம்பரத்தின் கீழே போய்த் திட்டவும் செய்தார்கள். சாயங்காலம் விளம்பரம் காணாமல் போனது. குழுவே கைதட்டியது. சல்லடை தூசிக்கு எழுதினார்: 'ஒரு நல்ல சேதி இருக்கு. கோபத்தை விட்டுட்டு பேசு.'

பன்னிரண்டாம் நாள் தூசியின் கணக்கிலிருந்து பதில் வந்தது. 'நான் அவர் மனைவி. அவர் தவறி ஏழு மாசம் ஆகுது. பாஸ்வேர்டு இன்னைக்குத்தான் கிடைச்சுது. உங்களைத்தான் தேடிட்டிருந்தேன். முடிஞ்சா வீட்டுக்கு வாங்க.' கீழே முகவரி.

ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் போனார். மூன்றாம் மாடி. வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். கூடத்தில் கட்டி வைத்த பெட்டிகள், சுருட்டிய படுக்கை, சுவரோடு ஒரு கண்ணாடி அலமாரி. படத்தில் பார்த்த அதே அலமாரி. தட்டுகள் வெறுமையாக இருந்தன.

"அவருக்குக் கோபமெல்லாம் இல்லண்ணா" என்றாள் தூசியின் மனைவி. "அந்தப் பச்சை பஸ்ஸைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. ஆஸ்பத்திரில இருந்தப்ப, எல்லாம் சல்லடைக்குத்தான் போகணும்னாரு. உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு கேட்டேன். விலையை ரொம்பக் குறைச்சுப் போடு, சந்தேகப்பட்டு அந்த ஆளே முதல்ல வந்து நிப்பான்னாரு. அவர் எடுத்து வச்சிருந்த படத்தையே போட்டேன். எனக்கு அந்த மாதிரி எடுக்கத் தெரியாது."

அவர் காலித் தட்டுகளைக் காட்டினார். "பஸ்ஸெல்லாம்?"

"யாரோ புகார் பண்ணி விளம்பரத்தை எடுத்துட்டாங்க. திருட்டு நாய், மோசடிக்காரன்னு என்னென்னவோ எழுதியிருந்தாங்க. என் பொண்ணு படிச்சுட்டு ரெண்டு நாள் சாப்பிடல. மறுபடி போட தைரியம் வரல. வீட்டைக் காலி பண்ற நாளும் நெருங்கிருச்சு. போன வாரம் பழைய இரும்புக்காரர் வந்தாரு. எடை போட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு. டப்பாவெல்லாம் பழைய பேப்பரோட போச்சு."

அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "விளம்பரம் இருந்த அந்த நாலு நாள்ல உங்க கண்ணுல பட்டிருந்தா, இது தூசியோட படம்தான்னு நீங்களாவது சொல்லியிருப்பீங்க."

அந்த வீட்டில் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"கண்ணுல பட்டுதும்மா. புகார் பண்ணச் சொன்னதே நான்தான்."

அவள் திரும்பினாள். "அவர் படம்னு தெரியாமயா?"

"தெரிஞ்சதாலதாம்மா" என்றார் சல்லடை. அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதார். அவரை எழுந்து போகச் சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை, இருக்கச் சொல்லவும் வரவில்லை.