கேட்டாலும் தராதீங்க

ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போவதற்கு முன் மனைவி தன் செல்போனை எடுத்தாள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் பழக்கத்தில் அவளுடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். வேறு யாரிடமாவது கொடுக்க முடியுமா என்று நடைபாதையை ஒருமுறை பார்த்தாள். யாரும் இல்லை. அவன் கையில் வைத்தாள்.

"டாக்டர் கூப்பிட்டா எடுங்க. அது மட்டும்."

பதினோரு மாதமாக அவனிடம் இருந்தது பட்டன் போன்தான். கார்டு, சம்பளம் எல்லாம் அவள் பொறுப்பு. அவன் லிப்ட் மெக்கானிக் வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் எண்ணிக் கொடுப்பாள். அதில் அவனுக்கு வருத்தமில்லை. இப்படிக் கையைக் கட்டிப்போட்ட பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினான்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் போனை வைத்துக்கொள்ளச் சொன்னான். நோயாளியின் பொருளுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தான். போன் தொடையில் சூடாக இருப்பதுபோலப் பட்டது. பக்கத்தில், மைத்துனனின் கால்முறிவுக்காக வந்திருந்த லாரி டிரைவர் ஒருவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவரைத் தட்டி எழுப்பினான்.

"அண்ணே, இத வச்சிக்கிங்க. மணி அடிச்சா குடுங்க. நானா கேட்டா தராதீங்க."

"உங்க போன நீங்க கேட்டா எப்படிங்க தராம இருக்கறது?"

அவன் சொல்லிவிட்டான். போனில் சூதாடிப் பணத்தைத் தொலைத்தவன் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. டிரைவர் போனைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். அவனுக்கு மூச்சு சீரானது.

பத்து நிமிடம் தாங்கியது. ஆபரேஷன் அறைக் கதவில் எரிந்த சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அவளுக்கு என்ன செய்கிறார்கள் என்று நினைக்க முடியவில்லை. நினைக்காமலும் இருக்க முடியவில்லை. ஒரே ஒரு சுற்று ஆடினால் இந்த நினைப்பு அடங்கும் என்று தோன்றியது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் வேறொன்றைச் சொன்னது.

"அண்ணே, மச்சினிச்சிக்கு ஒரு போன் போடணும்."

"கேட்டாலும் தராதீங்கன்னு சொன்னீங்களே."

"அது அப்ப சொன்னது."

டிரைவர் பொத்தானைக் கழற்றினார். கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்றான். போனைத் திறக்கும் எண் மகளின் பிறந்தநாள். பணம் அனுப்பும் எண்ணும் அதுவேதான். சூதாட்டத்தைப் போனில் இறக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கட்டைவிரலால் கீழே இழுத்துவிட்டால் மூன்று கட்டங்கள் சுழலும், அவ்வளவுதான் ஆட்டம். முதல் இழுப்பிலேயே ஜெயித்தான். அதன் பிறகு வெளிச்சமும் சுழற்சியும் தவிர உலகத்தில் எதுவும் இல்லை. அறுவைச் சிகிச்சைக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்ததில் பாதி போனபோதும் அவனுக்கு வலிக்கவில்லை. கட்டங்கள் நிற்கப்போகும் நேரத்தில் திரையை மறைத்துக்கொண்டு ஏதோ ஒரு எண் வந்தது. தள்ளிவிட்டான். மறுபடி வந்தது. மறுபடியும் தள்ளினான்.

மூன்றாவது தடவைதான் அது யாருடைய எண்ணாக இருக்கும் என்று உறைத்தது.

படிகளில் ஓடினான். நர்ஸ் கதவருகே காகிதத்தோடு நின்றிருந்தாள். எடுக்கப் போன கட்டி நினைத்ததைவிடப் பெரிது, கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டும். அதற்கு வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்று, மயக்கத்தில் கிடப்பவளை அப்படியே வைத்துக்கொண்டு டாக்டர் கால்மணி நேரமாகக் காத்திருக்கிறாராம்.

"எங்க சார் போயிட்டீங்க?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். அவன் கையெழுத்துப் போட்டான். எழுத்து அவனுடையது மாதிரியே இல்லை.

மதியம் அவளை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. கண்ணைப் பாதி திறந்து அவன் கையைத் தேடிப் பிடித்தாள்.

"டாக்டர் கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு."

"எடுத்தீங்கல்ல?"

"ம்."

அவள் உள்ளங்கைக்குள் அவன் கட்டைவிரல் மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாக நகர்ந்துகொண்டிருந்தது. அவன் நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. தடவிக்கொடுக்கிறான் என்று நினைத்து அவள் கண்களை மூடிக்கொண்டாள்.