நானூறு பஸ்கி

புழக்கடைப் பக்கமிருந்து மாப்பிள்ளை மெதுவான குரலில் கூப்பிட்டபோது உத்திராபதி பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"மச்சான், கொஞ்சம் இப்படி வாங்களேன். நீங்க மட்டும் வாங்க."

தங்கையின் கணவர் கோவிந்தராஜ் சுவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முழங்கால்கள் மடங்காமல் கழி மாதிரி விறைத்திருந்தன. காலடியில் சிமெண்டுத் தரையில் யாரோ கடுங்காப்பியைக் கொட்டிவிட்டது போல ஒரு கறை, சாக்கடை வரைக்கும் ஓடியிருந்தது. காப்பிதான் என்றே உத்திராபதி நினைத்தான்.

"என் ஒண்ணுக்கு மச்சான் அது" என்றார் கோவிந்தராஜ். "நேத்து சாயங்காலமே கொஞ்சம் செவப்பாத்தான் இருந்துச்சு. சூடுன்னு நெனச்சேன். இப்போ பாருங்க."

 உத்திராபதி ஒரு வாளித் தண்ணீரை எடுத்து அந்தக் கறைமேல் வீசி ஊற்றினான். போதவில்லை என்று இன்னொரு வாளியும் ஊற்றினான்.

"ஜெயத்துக்குச் சொல்லாதீங்க. பயந்துடுவா."

"சொல்லல மாப்ள. ஒண்ணும் இல்ல இது" என்றான். 

ஜெயத்துக்குக் கல்யாணமாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம், வைகாசிக் கடைசி முகூர்த்தம். ஆனி பிறந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் செஞ்சிக்கு விருந்துக்கு வந்திருந்தார்கள். கோவிந்தராஜ் திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. காலையிலிருந்து இரவு வரை மெத்தையில் உட்கார்ந்து துணி விரித்துக் காட்டும் உடம்பு. வெள்ளையாக, பூஞ்சையாக இருப்பார். உத்திராபதிக்குக் கடைத்தெருவில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். தொழிலுக்காக மூட்டை தூக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. ஆனால் எட்டு வருஷமாக விடிகாலையில் கசரத்துக் கொட்டாய்க்குப் போகாமல் கடை திறந்ததில்லை. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, அப்புறம் இரண்டு இரும்புச் சக்கரங்களைக் கோத்த ஒரு பாரம். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கடைக்காரர்களும் ஆபீஸ்காரர்களும்தான். யாரும் குஸ்தி போடப் போவதில்லை. உடம்பு பார்க்க நன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வந்த மறுநாள் காலையில் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனான். சட்டையைக் கழற்றியதும் கொட்டாயில் இரண்டு பேர் அவருடைய கைகளைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியது உத்திராபதியின் கண்ணில் பட்டது. அவனுக்குச் சுருக்கென்றது. நம் வீட்டு மாப்பிள்ளையை இவர்கள் இப்படிப் பார்ப்பதா? "பஸ்கி போடுவோம் மாப்ள. ரொம்ப சுலபம். ஒக்காந்து எழுந்திரிக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ண ஆரம்பித்தான்.

நூறு ஆனதும் சிரித்தவர்கள் அடங்கினார்கள். இருநூறு ஆனதும் பக்கத்தில் வந்து நின்றார்கள். முந்நூறில் கோவிந்தராஜ் ஒரு தரம் தலையை நிமிர்த்தி உத்திராபதியைப் பார்த்தார். போதும் என்று சொல்லுங்கள் என்று கேட்ட பார்வை அது. புது இடம், பெண்டாட்டியின் அண்ணன் எண்ணிக்கொண்டிருக்கும்போது தானாக நிறுத்த அவருக்குக் கூச்சம். உத்திராபதிக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்தும், "முந்நூத்தி ஒண்ணு" என்றான்.

நானூறில் அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். தண்ணீர் கேட்டார். கொட்டாயில் அப்போதெல்லாம் ஒரு வழக்கம் இருந்தது. உடம்பு சூடாக இருக்கும்போது தண்ணீர் குடித்தால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்பார்கள். "ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிக்கலாம் மாப்ள" என்றான்.

மறுநாள் அவரால் படி இறங்க முடியவில்லை. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். "மொத நாள் போட்டா அப்படித்தான் இருக்கும். அந்த வலி போகணும்னா வலியோடவே இன்னொரு தடவை போடணும்" என்று உத்திராபதி மறுபடியும் கூட்டிக்கொண்டு போனான். இருநூறு போட வைத்தான். பிறகு நல்லெண்ணெய் தடவி, தொடைமேல் ஏறி நின்று மிதித்து நீவிவிட்டான். கோவிந்தராஜ் தலையணையைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் கிடந்தார்.

அதற்கு அடுத்த நாள்தான் இந்தக் காலை.

மாப்பிள்ளையைச் சுவரோரம் உட்கார வைத்து அவருடைய தொடையைத் தொட்டுப் பார்த்தான். உழைத்து வலித்த சதையை அவனுக்கு நன்றாகத் தெரியும். அமுக்கினால் வலிக்கும், ஆனால் அமுங்கி எழும்பும். இது பலகை மாதிரி இருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, தொட்டால் சுட்டது.

உள்ளே அம்மா ஞானம்பாள் இட்லிக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். "மாப்ளைக்கு சூட்டுக் கடுப்பாட்டம் இருக்குதும்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்" என்றான். ஜெயம் கதவோரம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மருதாணிச் சிவப்பு அவள் நகங்களில் மட்டும் மிச்சமிருந்தது. உத்திராபதி அந்த நகங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்டர் ராஜாங்கம் திருவண்ணாமலை ரோட்டில் நான்கு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தார். சண்டைக்காலத்தில் பட்டாளத்து டாக்டராக இருந்தவர். கோவிந்தராஜை ஒரு கண்ணாடிக் குவளையில் மூத்திரம் பிடிக்கச் சொன்னார். இரண்டு விரல்கடைதான் வந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பஸ்கி போட்டதில் வந்த வலி என்று உத்திராபதி சொன்னதும் தொடையை அமுக்கினார். பிறகு கேட்டார்.

"எத்தனை பஸ்கி போட்டாரு?"

"நூறு இருக்கும் டாக்டர்" என்றான் உத்திராபதி.

கட்டிலில் படுத்திருந்த கோவிந்தராஜ் கூரையைப் பார்த்தபடி பேசாமல் இருந்தார். அவன் சொன்னதை மறுக்கவில்லை. 

"நூறு பஸ்கிக்கு இது வராதுங்க" என்றார் டாக்டர். "நீங்க பொய் சொன்னா நான் தப்பா மருந்து குடுப்பேன். யோசிச்சு சொல்லுங்க."

"மொத நாள் நானூறு. நேத்து எரநூறு. தண்ணி கேட்டாரு, குடுக்கல. கால்ல மிதிச்சு நீவுனேன்." நின்றால் முடியாமல் போகும் என்று ஒரே மூச்சில் சொன்னான். "எல்லாம் நான் பண்ணதுதான் டாக்டர்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வராந்தாவுக்கு அவனை அழைத்துக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்.

"தொடைச் சதை உடைஞ்சிருக்குது. அதோட சாயம்தான் ரத்தத்துல கலந்து இப்படி வெளிய வருது. அது கிட்னியில போயி அடைச்சுக்கும். கல்கத்தாவுல ஜப்பான்காரன் குண்டு போட்டப்போ இத பாத்திருக்கேன். இடிஞ்ச கட்டடத்துக்கு அடியில கால் மாட்டிக்கிட்ட ஆளுங்க. வெளிய எடுக்கும்போது நல்லாத்தான் பேசுவாங்க, டீ கேட்டு வாங்கிக் குடிப்பாங்க. மறுநாள் மூத்திரம் இந்தக் கலர்ல போகும். அப்புறம் நின்னுடும்."

"நின்னுட்டா?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மடித்துப் பையில் வைத்தார்.

"சலைன் ஏத்தறேன். சோடா உப்புத் தண்ணியும் நான் சொல்ற அளவுக்குக் குடிக்கட்டும். எவ்வளவு உள்ள போகுது, எவ்வளவு வெளிய வருதுன்னு நீங்க அளந்து எழுதணும். ஒரு காரை ஏற்பாடு பண்ணி வச்சுக்குங்க. சாயங்காலம் வரைக்கும் வரலேன்னா மெட்ராஸுக்குக் கொண்டு போயிடணும்."

கோடு போட்ட கண்ணாடிப் பாட்டில் ஒன்றும் ஒரு பென்சிலும் காகிதமும் கொடுத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு உத்திராபதி கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு டம்ளர் உள்ளே. எழுதினான். அரை மணிக்கு இன்னொரு டம்ளர். அதையும் எழுதினான். காகிதத்தின் இன்னொரு பக்கம் காலியாக இருந்தது.

பத்து மணிக்கு மண்டி ஆளிடம் சொல்லியனுப்பிக் காரை வரவழைத்தான். கருப்பு நிறக் கார் ஒன்று வந்து வாசல் வேப்பமரத்தடியில் நின்றது. 

"வருதா மாப்ள?" என்று கேட்டான் பதினோரு மணிக்கு.

"இல்ல மச்சான்."

பன்னிரண்டுக்கும் கேட்டான். ஒன்றுக்கும் கேட்டான். கேட்கிற தன் குரலில் அந்தக் கொட்டாய்க் குரலே ஒலிப்பது போலிருந்ததால் அதற்குப் பிறகு கேட்பதை விட்டான். சும்மா பார்த்தான். கோவிந்தராஜ் தலையை ஆட்டினார். மலைப்பாறைகளில் பட்ட வெயில் திரும்பி ஊர்மேல் அனலாக இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் முகம் காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் உப்பியிருப்பதாகத் தோன்றியது. நிஜமாகவே உப்பியிருக்கிறதா, தன் பயம் அப்படிக் காட்டுகிறதா என்று தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணு ஆயிட்டா" என்று கோவிந்தராஜ் ஆரம்பித்தார்.

"அப்படிப் பேசாதீங்க மாப்ள."

"ஜெயத்துக்கிட்ட நானா ஆசப்பட்டுப் போட்டேன்னு சொல்லிடுங்க. உங்களுக்குள்ள மனஸ்தாபம் வேணாம்."

உத்திராபதியால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வராந்தாவுக்கு வந்தான். அங்கே சாப்பாட்டுக் கூடையுடன் ஜெயம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கூடையைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவருக்கு இன்னா ஆச்சுண்ணா?"

அவன் சொன்னான். எதையும் மறைக்கவில்லை. முந்நூறில் அவர் நிமிர்ந்து பார்த்ததைக்கூடச் சொன்னான். வேறு யாருக்கும் தெரியாத விஷயம் அது, சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஜெயம் அழவில்லை. "அவரு பாத்தாரு இல்ல?" என்றாள். "அப்பவும் நீ எண்ணுனியா?"

"எண்ணுனேன்."

அவள் அவனைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து, பின்னால் வந்த அவன் கையிலிருந்த பென்சிலுக்காகக் கை நீட்டினாள். கொடுத்துவிட்டு மறுபடியும் வராந்தாவுக்கு வந்தான். எட்டு வருஷமாக அவன் வளர்த்த தோளும் மார்பும் அன்றைக்கு யாருக்கும் எதற்கும் உதவவில்லை. தூணோரம் தரையில் உட்கார்ந்துகொண்டான். அவள் மூன்று வாரத்தில் தாலியிழந்து திரும்பி வந்து, அதே வீட்டில், தன் கண்ணெதிரே நாற்பது ஐம்பது வருஷம் நடமாடப் போவதை நினைத்தான். அவளுக்குத் தட்டு வைக்கும் அம்மாவை நினைத்தான். எந்த முகத்தோடு அந்த வீட்டில் தானும் உட்கார்ந்து சாப்பிடுவது?

நான்கே முக்காலுக்கு டாக்டர் வந்தார். காகிதத்தைப் பார்த்தார். கோவிந்தராஜின் அடிவயிற்றில் விரலை வைத்துத் தட்டிப் பார்த்தார். "டிரைவர் இருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

உத்திராபதி வாசலுக்கு ஓடினான். டிரைவர் காரின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்பிச் சீட்டில் ஜமக்காளத்தை விரித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஜெயத்தின் குரல் கேட்டது.

"டாக்டர், இங்க வாங்க."

அவன் போய்ச் சேருவதற்குள் டாக்டர் பாட்டிலைக் கையில் வாங்கியிருந்தார். ஒரு கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. கருப்பாகத்தான் இருந்தது. ஆனால் வந்திருந்தது.

"கொஞ்சம் பாப்போம்" என்றார் டாக்டர்.

ஆறு மணிக்குள் இன்னும் ஒரு கோடு வந்தது. ஏழரைக்கு இரண்டு. டாக்டர் காரை அனுப்பிவிடச் சொல்லவில்லை, விடிகிற வரைக்கும் நிற்கட்டும் என்றார். விடிந்ததும் பாட்டிலைப் பார்த்த உத்திராபதிக்கு அது டீ நிறத்தில் இருப்பது போலத் தெரிந்தது. தன் கண்ணை நம்பாமல் கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் காட்டினான். "டீதாங்க, கொஞ்சம் ஸ்ட்ராங்கு" என்றான் அவன். மூன்றாம் நாள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது.

கோவிந்தராஜ் பதினோரு நாள் அங்கே கிடந்தார். வீக்கம் வடிந்த பிறகுதான் தொடை எவ்வளவு இளைத்திருக்கிறது என்று தெரிந்தது. முதலில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு ஜெயத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு வராந்தா முனை வரைக்கும் போனார். இரண்டு மாதத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது, வலிக்கிற இடத்தை யாரும் நீவவும் கூடாது, வலியோடு வேலை வாங்கினால் வலி போகும் என்று சொல்கிறவனைப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் உத்திராபதியைப் பார்க்கவில்லை. அத்தனை நாளில் ஜெயம் அண்ணனிடம் தண்ணீர், மருந்து, சாப்பாடு என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்குக் கிளம்பும் அன்று அவன் குதிரை வண்டி பிடித்து வந்தான். ஜெயம் வேண்டாம் என்றாள். கடைத்தெரு வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உத்திராபதி பின்னால் போனான். கோவிந்தராஜ் பத்துக் கடைக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினார். வலது காலை இன்னும் இழுத்து இழுத்துத்தான் வைத்தார். பஸ் ஏறியதும் ஜெயம் ஜன்னல் வழியாக, "வண்டியில போயிருக்கலாம். நீ பின்னாலயே வந்து பாக்கணும்னுதான் நடந்தோம்" என்றாள்.

"பாத்தேன்மா" என்றான்.

அதன்பிறகு அவன் கொட்டாய்ப் பக்கம் போகவில்லை. வீட்டிலேயே விடிகாலையில் கொஞ்சம் தண்டால் எடுப்பான். மறுநாள் தோளில் லேசாக வலி எடுத்தாலே புழக்கடைக்குப் போய்க் குனிந்து பார்த்துக்கொள்வான். தபால்காரர் கடைத்தெருவில் வருகிற நேரத்துக்கு மண்டியில் உட்கார முடியாமல் எதையாவது எடுக்கப் போவது போல உள்ளே போய் நின்றுகொள்வான். கடிதங்கள் எல்லாம் அம்மா பெயருக்கே வந்தன.

ஆவணியில் ஒரு கார்டு அவன் பெயருக்கு வந்தது. ஜெயத்தின் எழுத்து. மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே நின்று, படிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். நான்கு வரிதான்.

"அவர் நேற்று கடை மாடிப்படி ஏறினார். கைப்பிடியைப் பிடிக்கவில்லை. உனக்குச் சொல்லச் சொன்னார். நானாக எழுதவில்லை."

இரண்டு தரம் படித்தான். கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தராசுக்கு முன்னால் காத்திருந்த தொண்டூர் ஆளின் மூட்டையைப் பிரிக்கப் போனான்.