ஆறு மா நிலமும் அந்த ரேடியோவும்

நம்ம ராக்கெட்டு நிலாவுல எறங்கினதை டிவியில காட்டினப்ப தெருவே கைதட்டுச்சு. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டேன். "ஏன் காளியம்மாக்கா, உங்களுக்குச் சந்தோசமா இல்லையா"ன்னு பின்னாடியே வந்து பக்கத்து வீட்டு மரியபுஷ்பம் கேட்டா. அவ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்ததே ரொம்பப் பின்னாடி. அவளுக்கு என்ன தெரியும்?

அறுபத்தொம்பதுல, ஆடி மாசத்துல, மொதமொதல்ல மனுசன் நிலாவுல கால் வச்சான். அந்தக் காலையிலதான் எங்க வயல் போச்சு. போக வச்சது நான். இதை நான் யார்கிட்டயும் மறைச்சதில்லை.

வலங்கைமான் பக்கம் பண்ணை நிலம் ஆறு மா, ரெண்டு ஏக்கர் வரும், எங்க மாமனார் காலத்துலேர்ந்து குத்தகை. எழுத்து கிழுத்து ஒண்ணும் கெடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. குத்தகைக்காரங்க பேரையெல்லாம் சர்க்கார் பதிவு பண்ணப் போகுதுன்னு ஊருக்குள்ள பேச்சு வந்ததும் பேர் ஏறிட்டா எங்களைக் கெளப்ப முடியாதுன்னு பண்ணையாரு முந்திக்கிட்டாரு. பண்ணை வரவு செலவைப் பாக்குற காரியக்காரர் நாகநாதன் சித்திரையிலேயே வந்து, நிலத்தை விட்டுடுன்னு சொல்லிட்டுப் போனாரு. எங்க வீட்டுக்காரரு முடியாதுன்னுட்டாரு.

எங்க பக்கம் ஒரு கட்டு உண்டு. வெட்டுப்பழி குத்துப்பழி இருந்தாலும் நட்ட நாத்துல எவனும் கை வைக்க மாட்டான். நட்டவன் அறுக்கிற வரைக்கும் வயல் அவனுது. அதனால குறுவை நடவை மட்டும் முடிச்சிட்டோம்னா போதும், அறுக்கிறதுக்குள்ள பதிவு பண்ண ஆள் வந்துடும்னு இருந்தோம். சேறடிச்சு, பரம்படிச்சு, நாத்துப் பறிச்சு முடி கட்டி வரப்புல அடுக்கியாச்சு. நாலு நாளா அவரு வயலை விட்டு நகரலை. சோறுகூட நான்தான் கொண்டு போனேன்.

அன்னைக்கு வெயில் ஏறியும் நடவாளுங்களைக் காணோம். பாத்தா, சேக் தாவூது சைக்கிள் கடையில ரேடியோவாம், நிலாவுல எறங்குறாங்களாம், ஊரே அங்கதான் நிக்குதாம். "நீ போய்க் கூட்டிக்கிட்டு வா"ன்னு அவரு சொன்னாரு. நான் சும்மா போயிருக்கலாம்ல? "நீங்களும் வாங்க, நாலு நாளா இந்தச் சேத்துலயே கெடக்குறீங்க, பட்டப்பகல்ல எவன் வரப் போறான்"னேன். அவரு யோசிச்சாரு. கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன். இந்தக் கைதான்.

ரேடியோ கரகரன்னு இரைஞ்சுச்சு. இங்கிலீசுல என்னமோ பேசினான். பள்ளிக்கூடத்து சார் பெரியநாயகசாமி காதை வச்சுக் கேட்டுக் கேட்டுச் சொன்னாரு. ஏணியில எறங்குறான்னாரு. கால் வச்சுட்டான்னாரு. பகல்ல தெரியாத நிலாவை நாலு பேர் அண்ணாந்து தேடினாங்க. எங்க வீட்டுக்காரரு வாயைப் பொளந்து நின்னாரு, கல்யாணத்தன்னைக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பை நான் பாக்கலை. அதைப் பாத்துத்தான் நான் கெளப்பலை. எவ்வளவு நேரம் போச்சோ தெரியாது. டீ ரெண்டு தடவை குடிச்சோம்.

ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வயலுக்குத் திரும்பினா, எங்க வயல்ல குலவைச் சத்தம் கேக்குது. முன்னப்பின்ன பாத்தறியாத பொம்பளைங்க, அறுபது பேர் இருப்பாங்க. தென்னந்தோப்புல அவங்களை ஏத்திக்கிட்டு வந்த டிராக்டர் பெட்டி நிக்குது. நாங்க பறிச்சு வச்ச நாத்தை, நாங்க அடிச்ச சேத்துல, முக்கால்வாசி நட்டாச்சு.

எங்க நடவாளுங்க வரப்புலயே நின்னுட்டாங்க. எவளும் எறங்கலை. அவரும் எறங்கலை.

நாகநாதன் குடையை விரிச்சுப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. சத்தம் போடலை, சண்டைக்கு வரலை. எங்க வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நட்டாச்சு தங்கையா. மனசு வந்தா பிடுங்கிப் போட்டுட்டு உன் ஆளை விட்டு நட்டுக்க. நான் தடுக்கலை"ன்னாரு. எங்களைத் தெரிஞ்சுதான் சொன்னாரு பாவி.

எனக்கு ஆத்திரம் தாங்கலை. இழுத்துக்கிட்டுப் போனவ நான்தானே. புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு எறங்கி, ரெண்டு கையாலயும் பிடுங்கினேன். ஒரு பத்துப் பதினஞ்சு முதல், அதான் நாத்துக் குத்து, இருக்கும். நட்டுக்கிட்டிருந்த பொம்பளைங்க நிமிந்து, புள்ளையைக் கிள்ளினவளைப் பாக்குற மாதிரி என்னைப் பாத்தாங்க.

அப்பத்தான் அவரு எறங்கினாரு. அடிக்கப் போறாருன்னு நெனச்சேன். அடிச்சிருந்தா தேவலை. "நட்ட நாத்துடி"ன்னு மட்டும் சொன்னாரு. என் கையிலேர்ந்து அதை வாங்கி, நான் பிடுங்கின எடத்துலயே குனிஞ்சு ஒவ்வொண்ணா ஊனினாரு. ஒரு முதல்கூட சாயலை.

நாகநாதன் குடையை மடக்கினாரு.

"நல்லா நட்டிருக்கே தங்கையா. சாயங்காலம் பண்ணைக்கு வந்து கூலி வாங்கிக்க"ன்னாரு.