புஷ்பவள்ளியின் பல்வலி தங்கிய வீடுகள்

போன வருஷம் பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, புஷ்பவள்ளியின் பல்வலி அவளை விட்டு இறங்கி, மூன்று வீடு தள்ளியிருந்த யோகேஸ்வரியிடம் குடிபோனது. பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் வழியில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி நிற்கும் அந்த லைன் வீடுகளில் இதற்காக யாரும் வாய்பிளந்து நிற்கவில்லை. அந்த வாரம் கெம்போங் மீன் விலை ஏறியிருந்தது. பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

புஷ்பவள்ளிக்கு நாற்பத்தொன்பது வயது. சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலை, அதுவும் காண்டிராக்டர் வழியாக. கம்பெனியின் நேரடி ஆள்களுக்கு மெடிக்கல் கார்டு உண்டு. காண்டிராக்டரின் ஆள்களுக்கு அவருடைய ஆறுதல் வார்த்தை உண்டு. வலி தொடங்கியதும் அவள் முதலில் டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனாள். பல்லைக் காப்பாற்றலாம், வேரைச் சுத்தம் செய்து மேலே மூடி போட வேண்டும், மூன்று தடவை வர வேண்டும் என்று இனிமையாகச் சொல்லிவிட்டு அங்கிருந்த பல் டாக்டர் பெண் ஒரு தொகையையும் சொன்னாள். அதுவும் அதே இனிமையோடுதான். புஷ்பவள்ளி நன்றி சொல்லிவிட்டு, கன்னத்தைப் பிடித்தபடி பஸ் ஏறினாள். சுங்கைப்பட்டாணி அரசாங்கப் பல் கிளினிக்கில், பிடுங்குவதென்றால் கையிலிருக்கும் சில்லறைக்கு இன்றே பிடுங்கிவிடலாம், காப்பாற்றுவதென்றால் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வேண்டும், தேதி நவம்பரில்தான் கிடைக்கும் என்றார்கள். இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. அவள் நவம்பரையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

லைனில் எல்லோரும் அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். ஆனால் அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. பத்தொன்பது வயதில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக இருந்த டிரஸ்ஸர் அவளுக்கு ஒரே தடவையில் நான்கு பற்களைப் பிடுங்கினார். இரண்டில்தான் சொத்தை இருந்தது. மற்ற இரண்டும் பின்னால் தொல்லை தரும் என்று சேர்த்தே எடுத்துவிட்டார். அதற்குப் பிறகும் ஒவ்வொன்றாகப் போய், மெல்லுவதற்கு உருப்படியாக மிஞ்சியது வலப்பக்கக் கடைவாயில் ஒரு ஜோடி மட்டும்: மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருந்ததுதான் இப்போது வலித்தது. அது போனால் மேலே இருப்பதற்கும் வேலையில்லை. முருங்கைக்காயைச் சக்கையாகும்வரை மெல்லுவதில் அவளுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. "நம்ம ஜனங்களுக்குன்னா எப்பவும் புடுங்கறதுதானா? ஒரு தடவையாவது காப்பாத்திக்கிறேனே" என்று அவள் ஜோனிடம் சொன்னாள்.

ஜோன் பள்ளிக்கூடக் கேன்டீன் நடத்துபவள், நியாயத்தில் கறார், வாயைத் திறந்தால் கேலி. அவள் வீட்டில்தான் பத்துப் பேர் சேர்ந்த கூட்டு நடந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் பணம் போடுவார்கள். பெயர்ச் சீட்டுகளை மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ மொத்தமும் அவருக்கு. ஒரு தடவை எடுத்தவருக்கு, மற்ற எல்லோரும் எடுத்து முடிக்கும்வரை மறுதடவை கிடையாது. அந்தப் பிப்ரவரி ஞாயிறு, மூலையில் முனகிக்கொண்டிருந்த புஷ்பவள்ளியைப் பார்த்து ஜோன் சொன்னாள்: "வலிய நீயே கட்டிக்கிட்டு அழணுமா? இதையும் டின்னுல போடு லா. யாருக்கு விழுதோ ஒரு மாசம் வச்சிக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டாக மற்ற ஒன்பது பெயர்களையும் போட்டு டின்னைப் புஷ்பவள்ளியிடமே கொடுத்தார்கள். அவள் குலுக்கினாள். ஜோன் சீட்டைப் பிரித்துப் பெயரை வாசித்து முடிப்பதற்குள், யோகேஸ்வரி "அம்மாடி" என்று தாடையைப் பிடித்துக்கொண்டாள். புஷ்பவள்ளி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். தட்டிலிருந்த வறுத்த கடலையில் ஒன்றை எடுத்து வலப்பக்கம் வைத்துக் கடித்தாள். பிறகு அழுதாள். பிறகு இன்னொன்றையும் கடித்தாள். "அக்கா, திருப்பிக் குடுத்துருங்க, எனக்குப் பாவமா இருக்கு" என்று அவள் கெஞ்சியதற்கு, "கூட்டுன்னா கூட்டுதான். மாசம் ஆகாம எப்படிக் குடுக்கிறது?" என்று யோகேஸ்வரி முகத்தைச் சுளித்தபடி சொன்னாள்.

யோகேஸ்வரிக்கு அந்தப் பக்கம் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது, பல்செட்தான். ஆகவே வலி பல்செட்டில் தங்கியது. இரண்டாம் நாளே அவள் விஷயத்தைப் புரிந்துகொண்டு, செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டுவிட்டுப் பசாருக்குப் போகத் தொடங்கினாள். டம்ளர்த் தண்ணீர் நாள் முழுக்க வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளேயிருந்து மெல்லிய முனகலும் கேட்டது. மார்ச்சில் ஜோனுக்கு விழுந்தது. தவக்காலத்துக்குச் சரியாக வந்தது என்று அவள் குறைபடாமல் வைத்துக்கொண்டாள். பள்ளி வேன் ஓட்டும் புவனேஸ்வரன் தன் மாதத்தில் மெர்போக் சாலையின் பள்ளங்களையெல்லாம் மனப்பாடம் செய்தார். இன்றுவரை அந்த வேன் ஒரு பள்ளத்திலும் இறங்கியதில்லை. பாப்பம்மா தன் மாதம் முழுக்க யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. இன்னொரு மாதம் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்று அக்கம்பக்கத்தார் கேட்டுப் பார்த்தார்கள், விதி இடம் கொடுக்காது என்று ஜோன் மறுத்துவிட்டாள். விதி இன்னொன்றும் இருந்தது: வலியை வைத்திருப்பவர் நேரில் வந்து டின்னைக் குலுக்கினால்தான் அது கைமாறும். புஷ்பவள்ளி வேலைக்குப் போகுமுன் அந்தந்த மாதக்காரருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அவளுக்கே நான்கு கிலோ கூடியது.

அக்டோபரில் கடைசிப் பெயராக முனியாண்டி வந்தார். அறுபத்தாறு வயதிலும் முப்பத்திரண்டு பல்லும் சொந்தப் பல். ஒருநாள்கூடப் பல்வலி கண்டதில்லை என்பதைக் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். அந்தக் காலத்தில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸருக்கு உதவியாளாக இருந்தவர். அவர் பல் பிடுங்க, இவர் ஆளின் தோளை அமுக்கிப் பிடிப்பார். புஷ்பவள்ளியின் தோளையும் பிடித்திருக்கிறார். அவள் முப்பது வருஷமாக அவரிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அவருக்கும் கஞ்சி கொண்டுபோனாள். அந்தத் தீபாவளிக்கு முனியாண்டி முறுக்கைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தட்டில் திருப்பி வைத்தார்.

தீபாவளிக்கு மறுவாரம் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. ஸ்பெஷலிஸ்ட் மாற்றலாகிப் போகிறார், புதியவர் ஜனவரியில்தான் வருவார், தேதியும் ஜனவரிக்குத்தான். டின்னில் போடப் பெயர் மிச்சமில்லை. வலி இனி சொந்தக்காரிக்கே திரும்ப வேண்டும். புஷ்பவள்ளிக்கு மனம் விட்டுப்போயிற்று. ஒரு பல்லுக்காக ஒன்பது பேரைப் படுத்தியாயிற்று, இனியும் பிடிவாதம் பிடித்தால் அது அநியாயம் என்று அவளுக்கே பட்டது. ஞாயிறு வலியை வாங்கிக்கொள்வது, திங்கள் காலை போய்ப் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தாள். சனிக்கிழமை முருங்கைக்காய்க் குழம்பு வைத்து, ஒவ்வொரு துண்டாக வெகுநேரம் மென்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முனியாண்டி வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. கூட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊரை விட்டு ஓடினவர்களை அந்த லைன் பார்த்திருக்கிறது. வலியை எடுத்துக்கொண்டு ஓடினவரை அதுவரை பார்த்ததில்லை. ஜோன் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?" என்றாள் புஷ்பவள்ளி.

"பாலிங்ல. மக வீட்டுல."

"வந்து குடுத்துருங்கண்ணே. நாளைக்குப் போயி புடுங்கிடலாம்னு இருக்கேன். போதும்."

முனியாண்டி சொன்னார்: "அன்னிக்கு உன் தோள அமுக்கிப் புடிச்சிக்கிட்டு, 'கொசு கடிக்கிற மாதிரிதான், சும்மா இரு'ன்னு சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன் புஷ்பா. இப்பத்தான் தெரியுது. நீ பல்ல செஞ்சி முடி. அதுவரைக்கும் நான் வரமாட்டேன்."

ஜோன் போனைப் பிடுங்கினாள். "அண்ணே, ரூல்ஸ் இருக்கு!"

"ஓடிப்போனவனுக்கு என்னம்மா ரூல்ஸ்" என்று முனியாண்டி போனை வைத்துவிட்டார்.

புஷ்பவள்ளி அன்று நெடுநேரம் அழுதாள். பிடுங்கிய பற்களுக்காக அவள் அழுதது முப்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அழுது முடித்தபோது மனம் லேசாக இருந்தது.

ஜனவரியில் அவள் கிளினிக்குக்குப் போனாள். புதிய ஸ்பெஷலிஸ்ட் இளவயது மலாய்ப் பெண். பல்லைத் தட்டிப் பார்த்து, "சாக்கிட்?", வலிக்கிறதா என்று கேட்டார். வலி இங்கே இல்லை டாக்டர், பாலிங்கில் இருக்கிறது என்று புஷ்பவள்ளி மலாயில் பதில் சொன்னாள். டாக்டர் பேனாவை நிறுத்தினார். பாலிங் வேறு மாவட்டமாயிற்றே, அங்கிருந்து கடிதம் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். பரவாயில்லை என்று ஃபைலில் வலி என்ற இடத்துக்கு எதிரே பாலிங் என்று எழுதிவிட்டு, மரத்துப்போகும் ஊசியை எடுத்தார்.

அதே நேரத்தில், பாலிங்கில் மகள் வாசுகியின் ரொட்டி சானாய்க் கடையில் முனியாண்டி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவருடைய வலது கன்னம் கனத்து, உதடு மரத்து, தேநீர் வாயோரமாக வழிந்து வெள்ளைச் சட்டையை நனைத்தது. வாசுகி மாவை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அப்பா, கையத் தூக்குங்க! சிரிங்க பாப்போம்!" அவர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, பாதி வாயால் சிரித்தார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகக் கார்ச் சாவியைத் தேடினாள். "ஒண்ணுமில்லம்மா, ஊசி போட்டுட்டாங்க" என்று அவர் குழறினார். "கொஞ்சம் இரு, வேல இனிமேதான்." பிறகு ஒரு துண்டைத் தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயை நன்றாகத் திறந்து வைத்தார். கடைக்கு வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய் ரொட்டி வாங்கினார்கள். முக்கால் மணி நேரம், சுங்கைப்பட்டாணியில் வேலை முடியும்வரை, அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.