அறுபத்திரண்டாவது கிலோ

தச்சர் செய்த நாற்காலி இதுவரை ஒன்றுகூட உடைந்ததில்லை. எந்தப் பேச்சை எடுத்தாலும் சுற்றி வளைத்து இந்தப் பெருமையில்தான் கொண்டுவந்து நிறுத்துவார் மனுஷன். அப்பேர்ப்பட்டவரின் மகள், விமானப் பொறியியல் கடைசி வருஷம் படிப்பவள், உடைவதற்கென்றே மரத்தில் ஓர் இறக்கை செய்திருந்தாள்.

போன வாரம் அது வீட்டுக் கூடத்தில் கிடந்தது. தச்சருக்குக் கை சும்மா இருக்குமா?

"அடிப்பக்கம் ஒல்லியா இருக்கேம்மா. ஒரு பட்டை வெச்சு ஒட்டிடட்டுமா? அஞ்சு நிமிஷ வேலை."

"ஐயோ அப்பா, கை வெச்சுடாதீங்க! அறுபது கிலோ தாங்கணும், அறுபத்திரண்டுல, நான் கோடு போட்ட எடத்துல உடையணும். கணக்குப் போட்டு எழுதிக் குடுத்திருக்கேன். அதுக்கு மேல தாங்கினா தேவையில்லாத கனத்தைத் தூக்கிட்டுப் பறக்குதுன்னு அர்த்தம். ப்ராஜெக்ட்டே ஃபெயில்."

அவள் குளிக்கப் போன நேரத்தில் பசை டப்பாவைத் திறந்தார். முணுமுணுத்துக்கொண்டே மூடியும் வைத்தார்.

இன்று கல்லூரிச் சோதனைக்கூடத்தில் பெற்றோருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு முனையைச் சுவரோடு இறுக்கியிருந்த இறக்கையின் மேல் மகள் இரண்டிரண்டு கிலோ மணல் பைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஐம்பதில் இறக்கை வளைந்தது. அறுபதில் முனகியது. அறுபத்திரண்டை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

உடையவில்லை.

பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். உடைய ஒரு நிமிஷம்தான் கெடு. மகள் மெதுவாகத் திரும்பி அப்பாவை முறைத்தாள். பசை டப்பா இடம் மாறியிருந்ததை அவளும் கவனித்திருக்கிறாள் போலிருக்கிறது. தச்சர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சத்தியமா தொடலம்மா!" என்று எல்லார் முன்னாலும் கத்தியே விட்டார். ஆயுசில் முதல் தடவையாக, ஒரு மரச்சாமான் உடைய வேண்டுமென்று மனசார வேண்டிக்கொண்டார்.

ஐம்பதாவது விநாடியில், படார்!

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூடமே அதிர்ந்தது. பேராசிரியர் குனிந்து பார்த்தார். "நீ கோடு போட்ட எடத்துலயேம்மா!" என்றார். தச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல் கை தட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் முறிந்த பாதியை மடியில் வைத்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் உச்சுக் கொட்டினார்.

"அடடா, உடைஞ்சுபோச்சா?"

"என் பொண்ணு செஞ்சதுங்க. சொன்ன கிலோவுல, சொன்ன எடத்துல உடைஞ்சுது," என்றார் தச்சர். "நானும் முப்பது வருஷமா நாற்காலி செய்யறேன். அது எப்ப உடையும்னு எனக்கே தெரியாது."