முதுகில் ஏழு பேர்

என் தம்பி எலமானுக்கு மூளை இருக்கிறது. அதை எங்கே வைத்தான் என்பதுதான் இருபத்தாறு வருடமாக எங்களுக்குத் தெரியவில்லை.

பெகிமாயைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். அவளுடைய அப்பா தொக்தோசுன் ஐந்து வேளையும் தொழுகிறவர், எங்கள் கராகோல் ஊரில் பாதிப் பேர் அவரைக் கண்டால் சிகரெட்டை மறைப்பார்கள். முதல் சந்திப்பிலேயே அவர் கேட்டுவிட்டார்: "ஏழு தலைமுறைப் பேரச் சொல்லு தம்பி." கிர்கிஸ் வீட்டில் பெண் கேட்கப் போகிறவன் இதுகூடத் தெரியாமலா போவான்? ஏழு தலைமுறைக்குள் உறவு இருந்தால் கல்யாணம் கிடையாது. ஏழு பேரைத் தெரியாதவனை அடிமை என்பார்கள். நம்ம துரை அப்பா பேரைச் சொன்னான், தாத்தா பேரைச் சொன்னான், அதற்குமேல் இருமினான்.

"மூணு வாரம் தர்றேன்," என்றார் பெரியவர். "சொன்னா பொண்ணு. சொல்லலேன்னா கெளம்பு."

ஏழு பேர்தானே, ஒரு சாயங்காலத்து வேலை. ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் பேர்வரை ஒப்பிக்கிறவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? ஆனால் அவன் நாரின் ஊரில் இருக்கிற பெரியப்பாவுக்குப் போன் போட்டுப் பட்டியலை வாங்கிக்கொண்டு, நேராகப் பச்சை குத்துகிற கடைக்குப் போய்விட்டான். வீட்டுக்கு வந்து சட்டையைத் தூக்கிக் காட்டினான். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் ஏழு வரி, சிவந்து வீங்கிக் கிடந்தது.

"ஏன்டா முதுகுல?"

"கையில குத்துனா மாமா பாத்துருவாருல்ல? பச்ச குத்துனவனுக்கு என் வீட்ல பொண்ணு கெடையாதுன்னு ஏற்கெனவே ஒருத்தனத் தொரத்திருக்காரு."

"சரி, முதுகுல இருக்கறத நீ எப்படிப் படிப்ப?"

யோசித்தான். பாவம், பழக்கமில்லாத வேலை. "ரத்தத்துல ஊறிரும்க்கா."

நான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற நர்ஸ். ஆகவே அந்த ரத்தத்தில் ஊறவைக்கிற திருப்பணி என் தலையில் விழுந்தது. காலையும் மாலையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெதுவெதுப்பான தண்ணீரில் அவன் முதுகைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, களிம்பை மெல்லிசாகத் தடவுவேன். ஒவ்வொரு வரியாகத் தடவும்போது பேரை உரக்கச் சொல்லி, "திருப்பிச் சொல்லுடா" என்பேன். அவன் போனில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டே "ம்" என்பான். பாட்டன்மார் எல்லோருக்கும் சேர்த்து ஒரு "ம்".

ஐந்தாம் நாள் தோல் உரிய ஆரம்பித்தது. அரிப்புத் தாங்காமல் கதவு நிலையில் குதிரை மாதிரி முதுகைத் தேய்த்தான். "சொறியாத, வெயில்ல போவாத, தண்ணியில ஊறாத, நீராவிக் குளியல் பக்கமே தலவெச்சுப் படுக்காத," என்று படித்துப் படித்துச் சொன்னேன். நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து அம்மா ஆட்டுவால் கொழுப்பை உருக்கி முதுகு முழுக்கப் பூசிவிட்டாள். எங்கள் வீட்டில் இருமலுக்கும் அதுதான், சுளுக்குக்கும் அதுதான். "நீ போடற டியூபு மருந்தெல்லாம் மருந்தாடி?" என்றாள். அந்தப் பிசுக்கு போகவில்லை என்று மறுநாள் கூட்டாளிகள் அவனை எங்கே கூட்டிப் போனார்கள்? நீராவிக் குளியலுக்கு! ஒருத்தன் நாரை வைத்து அழுத்தித் தேய்த்தும் விட்டானாம். பொருக்கோடு நான்காவது வரி முதல் ஏழாவது வரி வரை போய்விட்டது. சீழ் வைத்தது. நான் வாய் ஓய்கிறவரை திட்டினேன், கை ஓய்கிறவரை கழுவினேன்.

மூன்று வாரம் முடிந்து பெண் வீட்டுக்குப் போனோம். விரிப்பு நிறைய பதார்த்தம். பெரியவர் அதன் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் வாசலோரம் சமோவர் பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பெகிமாய் கதவருகே நின்று விரலைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"சொல்லு தம்பி."

"சபர். ஓமுர்பெக். தூலோ..." என்றவன் விட்டத்தைப் பார்த்தான். மூன்று வாரத்தில் ஒரு பேர் கூடியிருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. நெற்றியில் வேர்வை வழிந்தது. பெகிமாய் முகம் செத்துப் போய்விட்டது. எனக்கு அவளைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

"பைகாசி," என்றேன், டீ ஊற்றிக்கொண்டே. "கர்கோன். எசெங்குல். தொலுபாய்."

பெரியவர் திரும்பினார். "யாரும்மா நீ?"

"இவனோட அக்கா, மாமா."

"எங்க கத்துக்கிட்ட?"

"வீட்லதான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. உறவுமுறை எழுதுகிற நோட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொலுபாயிலிருந்து அப்பா வரைக்கும் எங்கள் ஏழு பேரையும் எழுதினார். "சபரோட புள்ளைங்க. மூத்தவ நீதானம்மா?" என்று என் பக்கம் பார்த்தார்.

உயிர் திரும்பி வந்த தம்பிக்கு வாயும் கூடவே வந்தது. "அவ பேரு எதுக்கு மாமா? பொட்டப்புள்ள, இன்னொரு வீட்டுக்குப் போறவ. எங்கப்பாவுக்கு வாரிசு நான் ஒருத்தன்தான்."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. டீக்கெண்டியைக் கீழே வைத்தேன்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. தம்பிக்கு முதுகுல புண்ணு. மருந்து போடற நேரம் தாண்டிருச்சு. எலமான், சட்டையக் கழட்டு."

"அக்கா!"

"கழட்டுடா."

கழற்றினான். பெரியவர் எழுந்து அவன் பின்னால் வந்து குனிந்து படித்தார். "சபர்... ஓமுர்பெக்... தூலோ... அப்புறம் ஒண்ணும் தெரியலியே?"

"அதுக்கு மேல கொழுப்பு தடவிட்டாங்க மாமா."

கையைப் பிடித்து வெளியே தள்ளப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பெகிமாயை நினைத்து, சொன்னது தப்போ என்று அவள் பக்கம் பார்த்தேன்.

"பச்ச குத்துனது உனக்கும் அல்லாவுக்கும் உள்ள கணக்கு," என்றார் பெரியவர் தம்பியிடம். "முதுகுல சொமந்துக்கிட்டு வந்த பாட்டன்மாரு பேரு தெரியாதது எனக்கும் உனக்கும் உள்ளது. புண்ணு ஆறட்டும். ஆறுனதும் வா, ஒழுங்கா நின்னு சொல்லு. அதுவரைக்கும் காத்திருக்கறதா வேணாமான்னு எம் பொண்ணு சொல்லட்டும்."

"காத்திருக்கேன்ப்பா," என்றாள் பெகிமாய். பிறகு தம்பியை ஒரு பார்வை பார்த்தாள். "ஆனா சீக்கிரம் ஆறணும்."

பெரியவர் மறுபடி உட்கார்ந்து நோட்டை மடியில் வைத்துக்கொண்டார். "உம் பேரு என்னம்மா?"

"ஆய்ஜமால்."

எழுதினார். அப்பா போய்ப் பதினெட்டு வருடம் ஆகிறது. அவர் பேருக்குக் கீழே என் பேரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதுவிட்டேன்.

"என் பேரு, மாமா?" என்றான் தம்பி, சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு.

பெரியவர் பேனாவை மூடினார்.